மாப்ளே, டப்பாவுல பேரு எழுதியிருக்கா?

மாப்ளே, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாடியில லைட்டு எரிஞ்சதே, கம்பெனி ஏதும் முங்கிப்போச்சோன்னு நானும் உங்க அத்தையும் முழிச்சுக் கிடந்தோம். காலையில உங்க அம்மாகிட்டக் கேட்டா, தினம் மூணு நிமிசம் பிடிக்கிற ஒரு சோலியைத் தானா நடக்க வைக்கிறதுக்கு ஸ்கிரிப்ட் எழுதுனியாம்ல. மூணு நிமிசத்தை மிச்சம் பிடிக்க ஒரு முழு ராத்திரி. நல்ல கணக்கு. இந்தக் கணக்கை விருதுநகர்ல மல்லி மூடை எடை போடுற கடையில போயிச் சொல்லிப்பாரு, உன்னைக் கல்லாப்பெட்டி இருக்குற பக்கமே அண்ட விடமாட்டாக.

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. உங்க தொழில்காரங்க எல்லாருக்கும் அந்த வியாதி உண்டுன்னு நீயே சொல்லியிருக்கே. ஒரே சோலியை மூணாந்தடவ கையால செஞ்சா கௌரவம் போயிரும். உடனே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதுல முடியலேன்னா பைத்தான். அதுலயும் முடியலேன்னா, எழுதுன ஸ்கிரிப்டைச் சரிபண்ண இன்னொரு ஸ்கிரிப்ட்.

போன வாரம் கரண்டு போயித் தெருவே இருட்டாக் கிடந்தப்ப, லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து திண்ணையில உக்காந்து உன் சொத்தை எல்லாம் காட்டுனே. காட்டுனது நீ, பாத்தது நான். பிறகு கோவிச்சுக்கக் கூடாது. பின்னுன்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள குட்டி குட்டியா எம்புட்டு! வேலை முடிஞ்சுபோன கிட் கிளையை எல்லாம் வெட்டி எறியறதுக்கு ஒண்ணு. எந்தப் போர்ட்டை எவன் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கான்னு பாக்க ஒண்ணு. சர்வர்ல இருக்குற டேட்டாபேஸை நகல் எடுத்து உன் மெஷினுக்குக் கொண்டாற ஒண்ணு. காலையில டெர்மினலைத் தொறந்ததும் உன் பேரைச் சொல்லி ‘குட்மார்னிங்’ போடுறதுக்கு ஒண்ணு. ஏன் மாப்ளே, கீழ இறங்கி வந்தா உங்க அத்தை ஓசியிலயே சொல்லுவாளே, கூட காப்பியும் குடுப்பா.

அது கிடக்கட்டும். அந்த ஃபைலுகளுக்கு நீ வச்ச பேரைப் பாத்தேன். டெஸ்ட், டெஸ்ட்2, ஃபைனல், புதுஃபைனல், எக்ஸ், எக்ஸ்எக்ஸ். “இந்த எக்ஸ்எக்ஸ் என்னப்பா செய்யும்?”னு கேட்டேன். “ஓட்டிப் பாத்தாத் தெரியும் மாமா”ன்னே. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஏன் வரலேன்னு கேளு. சாத்தூர் ரோட்டுல ஒரு பட்டாசு ஆலையில போர்மேனா இருந்தவன் நான். மருந்து ரூமுல வெடியுப்பு வெள்ளை. பேரியம் நைட்ரேட்டும் வெள்ளை. ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டும் வெள்ளை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா அங்க இருக்குற குளோரேட்டும் வெள்ளை. கண்ணால பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பேரு எழுதாத டப்பா ஒண்ணு மூலையில கிடந்தா, ‘ஓட்டிப் பாத்தாத் தெரியும்’னு அங்க எவனும் சொல்ல மாட்டான். சொன்னவன் ரெண்டாவது தடவ சொல்றதுக்கு இருக்க மாட்டான்.

உன் பின் ஃபோல்டர் எனக்கு மருந்து ரூமாத்தான் தெரியுது மாப்ளே. ‘குட்மார்னிங்’ சொல்றது லேபிள் ஒட்டுற வேலை, அதைக் குழந்தைகூடச் செய்யலாம். கிளையை வெட்டுறதும் டேட்டாபேஸை மாத்தி எழுதுறதும் மருந்து வேலை. நீ ரெண்டையும் ஒரே ரூமுல, ஒரே மாதிரி டப்பாவுல, பேரு இல்லாம அடுக்கி வச்சிருக்கே. கேட்டா ‘சின்ன ஸ்கிரிப்ட்தானே மாமா’ங்கே. சரவெடியில இருக்குற ஒத்தை வெடியும் சின்னதுதான்.

‘எழுதி வைக்காட்டி என்ன, ஹிஸ்டரியில கிடக்கு, கண்ட்ரோல் ஆர் அமுக்குனா வந்துரும்’னு ஒரு நியாயம் வேற பேசுனே. பாஷ் தன் போக்குல ஞாபகம் வச்சுக்கிடுறது 500 வரின்னு நீதான் சொன்னே. நீ ஒரு நாளைக்கு அடிக்கிற ‘எல்எஸ்’ஸே அதுல பாதியை முழுங்கிரும். ஃபோல்டருக்குள்ள போறே, எல்எஸ். வெளிய வாறே, எல்எஸ். டீ குடிச்சிட்டு வந்து உக்காந்ததும் ஒரு எல்எஸ். பூட்டுன கதவை மறுபடி இழுத்துப் பாக்குற உங்க அத்தை தோத்தா.

உங்க தொழில்ல வெடிச்ச கதை எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லிட்டு மறந்துட்டே. நான் மறக்கல.

2015 சனவரியில நடந்த கதை ஒண்ணு. ஸ்டீம்னு கம்ப்யூட்டர் விளையாட்டு விக்கிற கடை. லினக்ஸ்காரங்களுக்குன்னு அவுக குடுத்த ஷெல் ஸ்கிரிப்டுல, ஸ்டீம்ரூட்டுங்கிற பேருல ஒரு இடத்தைக் குறிச்சு வச்சு, அந்த இடத்துக்குக் கீழ இருக்குறதை எல்லாம் கேள்வி கேக்காம அழிச்சிருன்னு ஒரு வரி. ஒருத்தர் தன்னோட ஸ்டீம் ஃபோல்டரை வேற டிரைவுக்கு நகத்திட்டு ஓட்டியிருக்காரு. இடம் அகப்படல, பேருக்குள்ள ஒண்ணும் இல்லாமப் போச்சு. பேரு காலியானதும் அந்த வரியில மிஞ்சுனது ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும். அப்படின்னா மெஷின்ல இருக்குற அம்புட்டும்னு அர்த்தம். அவரோட ஃபைலு எல்லாம் போச்சு. பாதுகாப்புக்குன்னு நகல் எடுத்து வச்ச டிரைவு அதே மெஷின்ல செருகிக் கிடந்துச்சு, அதுவும் சேந்து போச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் எது தெரியுமா? அந்த வரிக்கு மேல, எழுதுன மகராசன் தன் கையாலேயே ஒரு கமெண்ட் போட்டிருந்தாராம்: பயங்கரம்! அம்புட்டுத்தான். பயங்கரம்னு எழுதிட்டு, வரியை அப்படியே விட்டுட்டு, சாப்பிடப் போயிட்டாரு போல. பேருக்குப் பக்கத்துல ஒரு கோலனும் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தா, காலியா இருக்கும்போது ஷெல்லே நின்னு சத்தம் போட்டிருக்குமாம்ல? ரெண்டே எழுத்து. ‘பயங்கரம்’னு அடிக்கிறதுக்கு அதைவிட நேரம் ஆகியிருக்கும்.

மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வாசல்ல ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு உடம்புல இருக்குற கரண்டை மண்ணுல இறக்கிட்டுத்தான் கால் வைக்கணும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். இரும்புச் சாமான் உள்ள வரக் கூடாது. ‘கரண்டு இருக்கும், பயங்கரம்’னு செவத்துல எழுதி வச்சிட்டா இறங்கிருமா? தொட்டாத்தான் இறங்கும். நீயும் அப்படி ஒரு தகடு வை. அழிக்கிற ஸ்கிரிப்டு எதுவா இருந்தாலும், முதல்ல என்னத்தை அழிக்கப் போறேன்னு பட்டியல் போட்டுக் காட்டட்டும். சும்மா ஓட்டுனா காட்டுறதோட நிக்கணும். நிசமாவே அழிக்கணும்னா நீ கூடுதலா ஒரு வார்த்தை அடிச்சாகணும். அந்த ஒரு வார்த்தை அடிக்கிற சோம்பேறித்தனத்துலயே உன் பாதி ஆபத்து குறைஞ்சிரும், உன்னை எனக்குத் தெரியும்.

அப்புறம் கோடு சேத்து வைக்கிற கிட்லேப் கம்பெனியோட கதை. 2017 சனவரி 31, ராத்திரி நேரம். டேட்டாபேஸுக்கு ரெண்டு சர்வர்: ஒண்ணு தலைமை, ஒண்ணு அதோட நகல். நகலு பின்தங்கிப் போச்சுன்னு அதைத் துடைச்சிட்டுப் புதுசாப் பிடிக்கப் பாத்திருக்காரு ஒரு இஞ்சினியர். நின்னது தலைமை சர்வர்ல. ஒண்ணு ரெண்டு நொடியில சுதாரிச்சு நிறுத்திட்டாரு. அதுக்குள்ள 300 ஜிபி கிட்ட இருந்தது 4.5 ஜிபி ஆயிருச்சு. சரி, பேக்கப்பு இருக்குமேன்னு போயிப் பாத்தா, தினம் எடுக்குற பேக்கப்பு வேற வெர்சன் புரோகிராமால ஓடிப் பல நாளாத் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துட்டேன்னு அது அனுப்புன மெயிலை மெயில் சர்வர் ஏத்துக்கிடவே இல்ல. அஞ்சு விதமா ஏற்பாடு வச்சிருந்தும் ஆபத்துக்கு ஒண்ணும் கை குடுக்கல. கடைசியில காப்பாத்துனது எது? அதே இஞ்சினியர் வேற ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால தன் கையால எடுத்து வச்ச ஒரு நகல். ஆறு மணி நேரத்து வேலை போனதோட தப்பிச்சாக.

ஆனா ஒண்ணு சொல்லணும், அவுக ஆம்பளைங்க. நடந்ததை ஒளிக்கல. மீட்கிற வேலையை யூடியூப்ல நேரலையாப் போட்டு, எந்த நிமிசத்துல என்ன செஞ்சோம், எது ஏன் தோத்துச்சுன்னு வரி வரியா ஊருக்கு எழுதி வச்சாக. நம்ம பக்கம் ஒரு ஷெட்டுல புகை வந்தா முதல்ல கேட்டைத்தான் பூட்டுவான். அந்தக் குறிப்பு இருக்கிறதாலதான் திருத்தங்கல்ல மாடியில உக்காந்திருக்குற நீ அதைப் படிச்சே, நீ சொல்லி நான் கேட்டேன், இப்ப அதை வச்சே உன்னை ஏசுறேன்.

இதுல இருந்து உனக்கு ஒரு சில்லறை யோசனை. நிச சர்வருக்குள்ள நுழைஞ்சா டெர்மினல் செவப்பா மாறுற மாதிரி ஒரு வரி போட்டு வை. ‘குட்மார்னிங்’ சொல்றதுக்கு விதவிதமாக் கலரு வச்சிருக்கேல்ல, அதுல ஒண்ணைக் கழட்டி இங்க மாட்டு.

இன்னொன்னு, ஒரு ரூமுல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எங்க தொழில்ல விதி. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல வெறும் எடம் விட்டிருக்கணும். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எவனாவது முதலாளி, ‘எடம் சும்மா கிடக்கே போர்மேன், ரெண்டு பேரைச் சேத்துப் போடலாமே’ன்னு கேப்பான். அந்த எடம் சும்மா கிடக்கல மாப்ளே, அது வேலை பாத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு போனா அதோட போகணும். உன் ஸ்கிரிப்டு எல்லாம் ஆரம்பத்துல சின்னதா, ஒரு சோலிக்கு ஒண்ணா, லட்சணமாத்தான் இருந்துச்சு. யூனிக்ஸைக் கட்டுன ஆளுங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக, 1973-ல ‘பைப்’புன்னு ஒண்ணைப் போட்டு ஒண்ணோட வாயில வர்றதை இன்னொன்னோட காதுல ஊத்தினாகன்னு நீ பெருமையா அளந்தே. இப்ப என்னடான்னா நகல் எடுக்குற ஸ்கிரிப்டே பழைய லாக்கையும் அழிக்குது, சர்வரையும் நிறுத்தி ஓட்டுது, கூடவே மெயிலும் அனுப்புது. ஒரே ரூமுல எட்டுப் பேரை உக்கார வச்சிட்டே.

மீந்த மருந்துன்னு ஒண்ணு உண்டு. அன்னன்னைக்குக் கலந்த மருந்தை அன்னன்னைக்கே தீத்துரணும். மீந்ததை ராத்திரி வச்சிருந்து காலையில வந்து கிண்டுனா, ஈரம் ஏறி உள்ளுக்குள்ள சூடாகிக் கிடக்குறது எப்ப என்ன செய்யும்னு சொல்ல முடியாது. காலையில ஆள் வந்து கை வச்ச உடனே நடந்த விபத்துகளைக் கேட்டா, நிறையத் தடவ இந்தக் கதைதான் வரும்.

உங்க ஆளுங்ககிட்டயும் இது நடந்திருக்கு. 2012 ஆகஸ்டு 1, அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி. எட்டு சர்வர்ல ஏழுக்குப் புதுப் புரோகிராம் போட்டாக, எட்டாவது விட்டுப்போச்சு. அந்த எட்டாவதுல, பல வருசமா யாரும் தொடாத பழைய கோடு ஒண்ணு செத்த மாதிரிக் கிடந்திருக்கு. புதுப் புரோகிராமுக்கு வச்ச சுவிட்சும் அந்தப் பழசை எழுப்புற சுவிட்சும் ஒண்ணாப் போச்சு. மார்க்கெட் தொறந்து 45 நிமிசம். 44 கோடி டாலர் அம்பேல். எவனும் கெட்ட எண்ணத்துல செய்யல. மீந்ததை யாரும் கொட்டி அழிக்கல, அம்புட்டுத்தான். போனது பணம். அதுக்கு அடுத்த மாசம் 5-ம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிச்சு நமக்குப் போனது உசிரு. அதைப் பத்தி நையாண்டி பேச எனக்கு நாக்கு வராது, தாண்டிப் போவோம்.

உன் ஃபோல்டர்ல இருக்குற ‘எக்ஸ்’ஸை நீ கடைசியா எப்ப ஓட்டுனே? தெரியலேல்ல. அப்ப அது மீந்த மருந்து. கிட்ல ஏத்திட்டு ஃபோல்டர்ல இருந்து எடுத்துரு. வேணும்னா பழைய கமிட்ல இருந்து எடுத்துக்கலாம், அதுக்குத்தான கிட்டு? கிட்டுன்னதும் ஞாபகம் வருது. நகல் எடுக்குற ஸ்கிரிப்டுல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பச்சையா நிக்குது. ‘அடுத்த கமிட்ல அழிச்சிருவேன் மாமா’ன்னு சொல்லாத. முந்தின கமிட்ல அது உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கும். பாஸ்வேர்டையே மாத்து.

உங்க சித்தப்பா கடைக்குன்னு ஒரு உபகாரம் பண்ணுனியே, அதைப் பேசாம விட்டா எனக்குச் சாப்பாடு செமிக்காது. விருதுநகர் மார்க்கெட் விலையைத் தினம் காலையில ஒரு இணையப் பக்கத்துல இருந்து எடுத்து, உளுந்து இம்புட்டு, வத்தல் இம்புட்டு, துவரம்பருப்பு இம்புட்டுன்னு அவரு போனுக்கு அனுப்புற ஸ்கிரிப்டு. கிரான்ல போட்டு விட்டுட்டே. அவருக்குத் தலைகால் புரியல, ‘அண்ணன் மகன் கம்ப்யூட்டரை வச்சு விலை சொல்றான்’னு கடைக்கு வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் காட்டுனாரு. அந்தப் பக்கத்துக்காரன் ஒரு நாள் கட்டத்தை மாத்திப் போட்டுட்டான். உன் ஸ்கிரிப்டு விலையை எடுக்க முடியாம, கடைசியா எடுத்து வச்சிருந்த விலையையே தினம் அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. உங்க சித்தப்பாவும் ‘மார்க்கெட்டு அசையாம நிக்குது, நல்ல நேரம்’னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. விருதுநகர் மார்க்கெட்டு என்னைக்குடா அசையாம நின்னுச்சு? உன் ஸ்கிரிப்டு தோத்ததுல தப்பு இல்ல, தோத்ததைச் சொல்லாம வேசம் கட்டுனுச்சு பாரு, அதான். விலை கிடைக்கலேன்னா ‘இன்னைக்கு விலை கிடைக்கல’ன்னு அனுப்பத் தெரியணும். ஒவ்வொரு விலையோடயும் அது என்னைக்கு எடுத்ததுன்னு தேதி சேந்து போகணும்.

அந்த விசயத்துல எனக்கு நம்ம ஊரு பைண்டிங் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும். ஒரு அச்சகத்துக்குத் தினசரி காலண்டர் பக்கத்தை எல்லாம் வரிசையா உண்டாக்குற ஸ்கிரிப்டு எழுதிக் குடுத்தியே. தேதி, தமிழ்த் தேதி, ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் பட்டியல்ல இருந்து வந்து தானா அதது எடத்துல போயி உக்காந்துச்சு. ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி காட்டணும்னு முதலாளி குதிச்சாரு, நீயும் குடுத்துட்டே. 2024-க்கான காலண்டர். நீ ஸ்கிரிப்டுக்குள்ள 365-னு கையால எழுதி வச்சிட்டே. பிப்ரவரி 29 எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. ஆனா வருசம் டிசம்பர் 30-லயே முடிஞ்சு போச்சு. முதலாளி பாக்கல, டிசைனர் பாக்கல, நீ பாக்கவே இல்ல. தாள் சேக்குற மேசையில இருந்த பிள்ளை, எண்ணிப் பாத்துட்டு, “அண்ணே, ஒரு நாளைக் காணோம்”னுச்சு. அந்தப் பிள்ளைகிட்ட ஸ்கிரிப்டு இல்ல, கையில எண்ணிக்கை இருந்துச்சு. எத்தனை வரணும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு எண்ணுச்சு. உன் ஸ்கிரிப்டு முடியிற எடத்துல அதே கேள்வியை ஒரு வரியாப் போடு: இத்தனை வந்திருக்கணும், இத்தனை வந்திருக்கு. பொருந்தலேன்னா நில்லு.

சரி, ஸ்கிரிப்டு போகட்டும், குறிப்பு எழுதுறதைப் பத்திப் பேசுவோம். நீயும் ஒரு நோட்டு வச்சிருக்கே, இல்லேங்கல. திறந்து பாத்தா அம்புட்டும் கட்டளை. இதை அடி, அதை அடி, பிறகு இதை அடி. ஏன் அடிக்கணும்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஒரு வரியில ‘இது இல்லாம ஓடாது’ன்னு எழுதியிருக்கே. ஓடாதுன்னா? என்ன ஆகும், எப்படித் தெரியும், யாரு சொன்னா?

நான் போர்மேன் நோட்டு எழுதுனவன். அளவு எழுதுறது லேசு. பக்கத்துல ‘ஏன்’னு எழுதுறதுதான் வேலை. கந்தகத்தையும் குளோரேட்டையும் சேக்காதேன்னு மட்டும் எழுதி வச்சா, புதுசா வர்ற பய ‘பழைய ஆளு, பயந்தாங்கொள்ளி’ன்னு நெனச்சுச் சேப்பான். ரெண்டும் சேந்தா லேசான உரசலுக்கே பத்திக்கிடும், அதனாலதான் 1992-ல மத்திய சர்க்காரே தடை போட்டுச்சுன்னு எழுதி வச்சா கையை எடுப்பான். அந்த ஒரு வரிக்குப் பின்னால எத்தனை பேரு கை இருக்குன்னு அவனுக்கும் விளங்கும்.

குறிப்புக்கு வயசும் ஆகும். 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்துச்சு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யணும். மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம்னு எதை எடுத்தாலும் பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த ஊரு இது. தலைமுறை தலைமுறையாக் காப்பாத்தி வச்ச அளவு நோட்டுல முக்கால்வாசிப் பக்கம் ஒரே நாள்ல செல்லாக்காசு. நீரிங்கிற சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்துக்காரங்ககிட்டப் போயிக் கையெழுத்துப் போட்டுப் புது அளவு வாங்கிட்டு வந்தாக. அப்ப நான் பழைய பக்கத்தைக் கிழிக்கல. குறுக்கே ஒரு கோடு, ஓரத்துல தேதி, ‘கோர்ட்டு உத்தரவு’ன்னு ரெண்டு வார்த்தை. பின்னால வர்றவன் ‘இந்த வழி தாத்தாவுக்குத் தெரியலபோல’ன்னு நெனச்சு மறுபடி அதையே கண்டுபிடிச்சுட்டு வந்து நிக்கக் கூடாதுல்ல? உன் நோட்டுல பைத்தான் ரெண்டுக்கு எழுதுன குறிப்பும் மூணுக்கு எழுதுனதும் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக் கிடக்கு. எது உசிரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு உனக்கே தெரியல. தேதி போடுறதுக்கு என்ன கொள்ளை?

‘எனக்காக எழுதுனது மாமா, எனக்குப் புரிஞ்சாப் போதும்’னு வாயைத் தொறக்காத. 1922-ல நம்ம பக்கம் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயித் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாக. கத்ததை இடுப்புல முடிஞ்சு வச்சிருந்தா ஊருக்கு ரெண்டு தீப்பெட்டி ஆபீஸ் மிஞ்சியிருக்கும். வேலையாளுக்குச் சொல்லிக் குடுத்து, அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுத்துத்தான் தீப்பெட்டியும், தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகமும், அதுக்குப் பக்கத்துலயே பட்டாசும் வந்துச்சு. உனக்குக் காலண்டர் ஆர்டர் வந்ததே அவுக வாயைத் தொறந்ததாலதான்.

இந்தக் காலத்து ஆளே வேணும்னா, கணியம் சீனிவாசனை நீயே எனக்குச் சொன்னே. விக்கிமூலங்கிற இணைய நூலகத்துல நாட்டுடைமையான தமிழ்ப் புத்தகம் எல்லாம் படமாக் கிடந்துச்சு, ஒரு வார்த்தையைத் தேட முடியாது. கூகுள்காரன் படத்துல இருந்து எழுத்தை எடுத்துக் குடுப்பான், ஆனா ஒவ்வொரு பக்கமா ஏத்தி, எறக்கி, வெட்டி, ஒட்டணும். அந்த ஏத்தி எறக்குற சோலியை மட்டும் செய்யுற மாதிரி ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை எழுதி விட்டாரு, ஓசிஆர்4விக்கிசோர்ஸுன்னு பேரு. உன்னோடது மாதிரிச் சில்லறை வேலைதான். ஆனா எல்லாரும் எடுத்துக்கிடுற மாதிரி, எப்படி நிறுவணும், எப்படி ஓட்டணும்னு எழுதி வெளிய வச்சாரு. தமிழ் விக்கிமூலத்துல ஆயிரக்கணக்கான பக்கம் எழுத்தா மாறுனதுக்கு அது பெரிய துணை. இப்ப அந்தப் பக்கத்தை மனுசங்க உக்காந்து பிழை திருத்துறாக. பாரு, அவரு ஸ்கிரிப்டும் எல்லாத்தையும் செஞ்சு முடிக்கல. மெஷின் முடிச்ச எடமும் மனுசன் தொடங்குற எடமும் எதுன்னு தெளிவா இருக்கு. உன் ஸ்கிரிப்டுல அந்தக் கோடு எங்க இருக்குன்னு கேட்டா, ‘ஓட்டிப் பாத்தாத் தெரியும்’பே.

முகத்தைத் தூக்காத. ஸ்கிரிப்டு எழுதாதேன்னு நான் எங்கயாவது சொன்னேனா? எழுது. ராத்திரி முழுக்க எழுது, கரண்டு பில்லு உங்க அப்பாதான கட்டுறாரு. ஒவ்வொண்ணுக்கும் தலையில நாலு வரி போட்டுட்டுப் படு. இது என்ன செய்யும், ஓட்டுறதுக்கு முன்னால என்ன இருக்கணும், எதை அழிக்கும், என்னைக்கு எழுதுனது. இந்த நாலு வரியை எழுத முடியலேன்னா அந்த ஸ்கிரிப்டு என்ன செய்யுதுன்னு உனக்கே தெரியலேன்னு அர்த்தம். அப்ப எதுக்கு அதை ஓட்டணும்?

உனக்குத் தெரியாம ஒரு வேலை செஞ்சிருக்கேன், அதையும் சொல்லிர்றேன். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் படிக்கிறாளே என் பேத்தி, அவ கையில உன் காலண்டர் ஸ்கிரிப்டையும் நீ எழுதுன குறிப்பையும் குடுத்து, மாமன்கிட்ட வாய் தொறக்காம ஓட்டிக் காட்டுன்னு சொல்லி உக்கார வச்சேன். முதல் வரி ஓடுச்சு. ரெண்டாவதுக்கு ஏதோ ஒண்ணை நிறுவணும்னு அவளாக் கண்டுபிடிச்சு நிறுவுனா. மூணாவது வரியில நின்னுட்டா. அங்க நீ எழுதியிருக்கே: ‘பிறகு வழக்கம்போல.’

வழக்கம்போலன்னா என்னன்னு கேட்டுத் தாளுல எழுதி வச்சிருக்கா, இந்தா. அதுக்குக் கீழ இன்னும் கேள்வி இருக்கு, பின்பக்கமும் திருப்பிப் பாரு. பதிலை என்கிட்டச் சொல்லாத, அவகிட்டயும் சொல்லாத, குறிப்புல எழுது. எழுதிட்டுக் கீழ வா. விருதுநகர்ல இருந்து பொரிச்ச பரோட்டா வாங்கியாந்து வச்சிருக்கு, ஆறுனா அதுவும் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.